வண்ண மிருகங்கள்

"இருபது படங்களில் பத்தை மூத்தவன் முதலில் எடுத்துக்கொள்ளட்டும். மீதி தங்கைக்கு."

உயிலை வக்கீல் படித்ததும் அண்ணனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்பா படுக்கையில் கிடந்த மூன்று வருடத்தில் அவன் எட்டிப் பார்த்தது இரண்டே தடவை. இருந்தாலும் மூத்தவன் மூத்தவன்தானே!

எல்லாம் செப்புத் தகட்டில் செதுக்கி, இருநூறு வருடங்களுக்கு முன் அச்சடித்த காட்டு மிருகப் படங்கள். பத்துப் படங்கள் வண்ணத்தில் ஜொலித்தன. மற்ற பத்தும் வெறும் கறுப்பு வெள்ளை. அவன் கண்ணை மூடிக்கொண்டு வண்ணப் படங்களை அள்ளிக்கொண்டான்.

"உனக்கு ஒண்ணும் வருத்தமில்லையே?"

"இல்லண்ணா" என்றாள் தங்கை, தலை நிமிராமல்.

மறுநாள், பழைய படங்கள் விற்கும் கடைக்காரர் ஈரப் பஞ்சால் சிங்கத்தின் பிடரியை லேசாகத் தொட்டார். பஞ்சு மஞ்சளாகிவிட்டது.

"யாரோ இப்பதான் கலரடிச்சுக் கெடுத்திருக்காங்க சார். கறுப்பு வெள்ளையாவே விட்டிருந்தா நீங்க கேட்ட விலையைக் கொடுத்திருப்பேன். இது குப்பைக்குத்தான் போகும்."

அண்ணன் கடை வாசலில் நின்றே தங்கைக்கு போன் போட்டுக் கத்தினான். "உன் வேலைதானே இது?"

"சத்தியமா இல்லண்ணா. அப்பாதான். கடைசி மூணு மாசம், தலையணையில சாஞ்சு உட்கார்ந்து, கை நடுங்க நடுங்க அவரே அடிச்சார். 'உயிரா வச்சிருந்ததை இப்படிப் பாழாக்குறீங்களே'ன்னு நான்கூட அழுதேன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"'பத்து போனா போகட்டும்மா. அப்பதான் இருக்கறதுலேயே உசத்தியான பத்தை அவன் உனக்கு விட்டுவைப்பான்'னார்."