காரியின் போல்ட்

ஒரே பட்டாளத்தில் உழைத்து ஓய்ந்த இரண்டு துப்பாக்கிகள் பழம்பொருள் கடையொன்றில் சாய்ந்து கிடந்தன. கட்டை சிவந்தது செவலை, கறுத்தது காரி.

சேகரிப்பாளர் தணிகாசலம் செவலையை லென்ஸ் வைத்துப் பார்த்தார். "தேய்மானம் பரவாயில்லை. ஆனா உடம்புல ஒரு நம்பர், இழுத்துப் பூட்டுற போல்ட்ல வேற நம்பர். இது அசல் இல்லை."

செவலை கூசிப்போனது. என்றைக்கோ துடைத்து மாட்டும்போது ஒரு சிப்பாய் போல்ட்டுகளை மாற்றிப் பூட்டிவிட்டான். அதற்குப் பிறகு பார்த்த சண்டையெல்லாம் காரியின் போல்ட்டோடுதான்.

காரியையும் பார்த்த தணிகாசலம் துள்ளிக் குதித்தார். இரண்டையும் கழற்றி, நம்பர்படி மாட்டினார். "இப்பத்தான் ரெண்டும் அசல்!"

அவர் விலை பேசப் போனதும் செவலை முனகியது. "காரி, எனக்குச் சரியா மூட மாட்டேங்குது. உனக்கு?"

"எனக்கும்தான். சத்தம் போடாதே, இப்பத்தான் அசல்னு பேர் வாங்கியிருக்கோம்."