கறுப்புத்தாள் ஒட்டிய மாளிகை

"நீ எப்படிம்மா இந்த அபுதாபிக்கு வந்து சேர்ந்தே?"

ஜன்னலோரம் நின்று சிகரெட் பற்றவைத்துக்கொண்டே கேட்டார் கோபாலசாமி.

"அது பெரிய கதைங்க. ஆள் எடுக்கற மக்தூம் இப்ப வந்துடுவாரு" என்றாள் நாகவள்ளி, சாம்பல் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தியபடி. தலையை மூடிய கறுப்புத் துணி, மூக்குக்கண்ணாடி. அவர் தமிழில் சொல்வதை அரபியில் சொல்ல ஒருத்தி வேண்டுமே, அதற்காக உட்கார்ந்திருந்தாள்.

ஷேக்கின் புது விருந்தினர் மாளிகையில் சூப்பர்வைசர் வேலைக்கு நேர்காணல். கோபாலசாமியின் விசிட் விசா நாளையோடு முடிகிறது. வேலை கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆனால் அவருக்குக் கவலையே இல்லை. அவரிடம் இருந்த அனுபவம் அப்படி.

மக்தூம் வந்து உட்கார்ந்ததும் ஏதோ கேட்டார்.

"பெரிய மாளிகையில வேலை பார்த்திருக்கீங்களான்னு கேக்கறாருங்க."

"பார்த்திருக்கேனாவா? எழுபத்தொண்ணுல பாகிஸ்தான் சண்டை. டில்லி ஜனாதிபதி மாளிகை! பொழுது சாஞ்சா ஒரு பொட்டு வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத்தாள் ஒட்டற கான்ட்ராக்ட். நான்தான் சூப்பர்வைசர். மூணே நாள்ல முடிச்சேன்னு சொல்லு."

நாகவள்ளி சொன்னாள். மக்தூமின் புருவம் உயர்ந்தது.

"எலி கடிக்காம இருக்க, பசையில மயில்துத்தம் கலந்தீங்களா?"

"இதை அவரா கேட்டார்?"

"இல்லீங்க, நான்தான்."

"அதெல்லாம் கூலியாளுங்க சமாச்சாரம். நீ அவர் கேக்கறதை மட்டும் சொல்லும்மா."

"ஆளுங்ககிட்ட கண்டிப்பா இருப்பீங்களான்னு கேக்கறாரு."

கோபாலசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நல்லா கேட்டார் போ! ரெண்டாம் நாள் சாயங்காலம், தாள் ஒட்டாத ஒரு ஜன்னல்ல நெருப்பு வெளிச்சம். கீழேயிருந்து காவல்காரங்க விசிலடிச்சுட்டாங்க. யாருன்னு பார்த்தா நம்ம சேலத்துக்காரி ஒருத்தி, பசை வாளியோட நிக்கறா. தீக்குச்சி உரசியிருக்கா! கைக்குழந்தைக்காரி, காலைப் பிடிச்சு அழுதா. விடுவேனா? அந்த நிமிஷமே வெளியே அனுப்பினேன்."

"அவ பேரு ஞாபகம் இருக்குங்களா?"

"கூலிக்காரி பேரையெல்லாம் யாரு ஞாபகம் வச்சுக்கறது?"

நாகவள்ளி ஒரு சொல் விடாமல் அரபியில் சொல்லி முடித்தாள். மக்தூம் அவளிடம் ஏதோ கேட்டார். அவள் சரியென்று தலையசைத்தாள். முடிந்தது என்பதாக "கலாஸ்!" என்று எழுந்த மக்தூம், கோபாலசாமியின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

"வேலை உங்களுக்குத்தாங்க. காலையில ஆறு மணிக்கு டூட்டி. என்கிட்ட வந்து கையெழுத்துப் போடணும்."

"உன்கிட்டயா?" கோபாலசாமி சிரித்தார். அடுத்த சிகரெட்டை எடுத்துக்கொண்டு மறுபடி ஜன்னலோரம் போனார்.

"இந்த மாளிகைக்குப் பொறுப்பு நான்தானுங்க. எப்படி வந்தேன்னு கேட்டீங்களே. டில்லியில வேலை போச்சு, கைக்குழந்தையை அம்மாகிட்ட விட்டுட்டு ஆயா வேலைக்குப் பிளேன் ஏறினேன்" என்றாள் நாகவள்ளி. "ஒண்ணே ஒண்ணுதாங்க. அன்னிக்கு மாதிரி ஜன்னலோரம் நின்னு நீங்க சிகரெட் பத்தவச்சுட்டு, பசை வாளியோட நிக்கறவ மேல பழியைப் போடாதீங்க."

கோபாலசாமி பற்றவைக்காத சிகரெட்டைக் கிண்ணத்தில் போட்டார். மேஜைமேல் இருந்த தன் ஃபைலைக்கூட எடுக்காமல் வெளியே போனார்.