கலியாணக் காருக்கு முன்னால்

யுத்தம் முடிந்து ஊரின் பாண்ட் குழு மறுபடி எழும்பியபோது, சொல்லித்தரப் பழைய ஆட்கள் ஒருவரும் மிஞ்சியிருக்கவில்லை. பித்தளைக் குழல்களைப் புளி போட்டுத் துலக்கிய பிள்ளைகள், சின்ன வயதில் கேட்டு எல்லாருடைய காதிலும் ஒட்டிக்கிடந்த ஒரேயொரு மெட்டை எடுத்தார்கள். மற்றவர்கள் அதை இழுத்து ஊதியபோது, "இல்லை, துள்ளித் துள்ளித்தான் வரும். எனக்கு நல்லா ஞாபகம்" என்று மெற்றில்டா அடித்துச் சொன்னாள்.

முதல் ஊர்வலம் ஒரு கலியாணம். கலியாணக் காருக்கு முன்னால், ட்ரம்பெட்டோடு அவள் முன்வரிசையில் வந்தாள். சந்தி திரும்பியதும் கதவுகள் படபடவென்று திறந்தன. பெண்கள் ஓடிவந்தார்கள், ஒருத்தி மாவுக் கையோடு, ஒருத்தி ஈரத்தலையோடு. ஒரு முகத்திலும் சிரிப்பில்லை. எல்லாருக்கும் முன்னால் மெற்றில்டாவின் அம்மா. காரின் பூச்சரங்களைப் பிய்த்தெறிந்து, கண்ணாடியில் முகத்தை அழுத்தி உள்ளே தேடினாள்.

"ஆரின்ரை பிள்ளை? ஆரின்ரை பிள்ளையைக் கொண்டுவாறியள்?"

மெற்றில்டாவுக்கு அப்போதுதான் பிடிபட்டது. போருக்குப் போன அண்ணனிடமிருந்து சேதியில்லாத நாட்களில், சவப்பெட்டிக்கு முன்னால் இந்த மெட்டு வரும்போதெல்லாம் அம்மா இப்படித்தான் ஓடினாள். ஓடிய அம்மாவின் இடுப்பில் குலுங்கிக் குலுங்கித்தான் அவள் இதைக் கேட்டிருக்கிறாள்.

குழலை இறக்கினாள். அம்மா திரும்பாமலே அதட்டினாள்.

"நிப்பாட்டாதையடி. நான் இன்னும் முகம் பாக்கேல்லை."