மாகிரட் மன்றாடிய படம்

1996, பாபகூரா. புலம்பெயர்ந்து அங்கே வாழ்ந்த வின்சென்றின் வீட்டுக்குள் வந்ததும் மாகிரட், சுவரில் இருந்த பழைய படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றினாள். படத்தில் நீண்ட தாடி, அங்கி, கூப்பிய கைகள்.

"போன மாசம் நீங்கள் தேத்தண்ணி போடப் போன நேரம் இவரிட்டை அழுது மன்றாடினனான், அண்ணை. மகனுக்கு விசா கிடைச்சிட்டுது. இவர் எந்தப் புனிதர்?"

"புனிதர் இல்லை, தங்கச்சி. என்ரை பூட்டன். போன நூற்றாண்டிலை மன்னார் மேடையளிலை பகிடிக்கதை சொல்லிச் சனத்தைச் சிரிக்க வைச்ச பெரிய கெட்டிக்காரன். இது அவரின்ரை கள்ளச் சாமியார் வேஷம். தாடி வெறும் பஞ்சு."

மாகிரட் கிட்டப் போய் அந்தத் தாடியை உற்றுப் பார்த்தாள். மெழுகுதிரியை அவள் அணைக்கவில்லை.

"செத்து நூறு வருஷமாகியும் மனுசன் தொழிலை விடேல்லை, அண்ணை. அண்டைக்கு அழுதுகொண்டு நிமிர்ந்து பார்த்தன், சிரிப்பு வந்திட்டுது. புனிதரைப் பார்த்துச் சிரிச்சிட்டனே எண்டு ஃபாதரிட்டைப் போய்ப் பாவசங்கீர்த்தனமும் செய்திட்டன்."