பீங்கான் முட்டை

"இன்னிக்கும் முட்டையைக் காணோங்க. கூடையில வைக்கோல்தான் ஈரமா இருக்குது. பக்கத்து வூட்டு ரெஜினா வளக்குற பூனைதான் தின்னுது!" என்றாள் சொர்ணாம்பாள்.

"நீ பாத்தியா?"

"பாக்கணுமா? அது முழியே சரியில்ல."

ரெஜினாவோடு அவள் பேச்சை நிறுத்தி ஒரு வாரமாகிறது.

பீங்கான் பட்டறையில் வேலை பார்க்கும் அவள் கணவன் குருமூர்த்தி, மறுநாள் ஒரு பீங்கான் முட்டையைச் சூளையில் சுட்டுக் கொண்டுவந்து கூடையில் வைத்தான். இருவரும் ஜன்னலோரம் காத்திருந்தார்கள்.

பூனை சுவர்மேல் தூங்கிக்கொண்டிருந்தது. ஆனால் கூடையிலிருந்து 'டொக், டொக்' என்று சத்தம் வந்தது.

அவர்களுடைய கோழிதான் முட்டையைக் கொத்திக்கொண்டிருந்தது.

"அது வுட்ட முட்டைய அதுவே தின்னுமாங்க?"

"ஆம்லெட் போட்டுட்டு, முட்டை ஓட்டை நொறுக்கி தெனமும் அதுக்கு ருசி காட்டினது யாரு?"