புதன்கிழமையின் ஒரே நேயர்

“ஒண்ணு! ஏழு மாசமா இந்த ஒண்ணு, ரெண்டாகவே மாட்டேங்குதுடா!”

லஸ்ஸாத் கணினித் திரையை விரலால் தட்டிக் காட்டினான். ‘இப்போது கேட்பவர்கள்: 1’ என்றிருந்தது.

சூஸ் நகரத்தில், தன் மாமனாரின் காப்பிக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் அவன் ஓர் இணைய வானொலி நடத்தி வந்தான். அதில் புதன்கிழமை பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரை நண்பன் ஷாக்கிருக்கு. மற்ற நாட்களில் ஷாக்கிர் மூக்குக் கண்ணாடி விற்பவன். எந்தக் கம்பெனியும் சீண்டாமல், யார் யாரோ தங்கள் வீட்டு அறையில் கணினியும் கிட்டாருமாக உட்கார்ந்து செய்த பாட்டுகளைத் தேடிப் பிடிப்பது அவன் பைத்தியம்.

“ஒண்ணு போதும்டா. அந்த ஒருத்தருக்குக் காது இருக்கு” என்றான் ஷாக்கிர்.

“எனக்குப் போதாதே! அடுத்த வாரத்துலேர்ந்து இந்த நேரத்துல கால்பந்து அரட்டை. கோவிச்சுக்காதே.”

ஷாக்கிரின் முகம் சுருங்கியது. ஆனால் அது அதிக நேரம் நிற்கவில்லை. “இன்னிக்கு எனக்குத்தானே?” என்று கேட்டுவிட்டு மைக்குக்கு முன்னால் போய் உட்கார்ந்தான்.

“கஃப்ஸாவுல ஒரு பொண்ணு. சரக்கு ரயில் போற சத்தத்தைப் பதிவு பண்ணி, அதையே தாளமாக்கியிருக்கா. இதைக் கேட்டப்புறம் எவனும் மேளத்தைத் தொடவே வெக்கப்படணும். கேளுங்க!”

அதை அடுத்து இன்னொன்று போட்டான். அவனுடைய போன் அதிர்ந்தது. வாராவாரம் எழுதும் அதே எண்தான். பெயர் சொன்னதே இல்லை.

‘ரயில் அருமை. அடுத்தது தாலாட்டு. பட்டப்பகல் மூணு மணிக்குத் தாலாட்டு போடுற ஆளை இப்பத்தான் பாக்குறது.’

ஷாக்கிர் சிரித்துக்கொண்டே மைக்கில் சொன்னான்: “தாலாட்டு இல்லீங்க. அலெக்சாண்ட்ரியாவுல அண்ணன் தம்பி ரெண்டு பேர், சமையலறையில பதிவு பண்ணது. தாளம் வேணும்னேதான் பிசகுது. பிசகாம அடிச்சா அது கடிகாரம். பிசகினாத்தான் மனுஷன்.”

‘மனுஷனோ என்னவோ, கை தடுமாறுது’ என்று பதில் வந்தது.

“பாத்தியா!” ஷாக்கிர் பாட்டை ஓடவிட்டு நண்பனின் தோளில் தட்டினான். “இவர் வாத்தியக்காரர்டா. கூடவே வாசிச்சுப் பாக்குறார்!”

“உன்னைத் திட்டுறதுக்குன்னே ஏழு மாசமா ஒருத்தன் கேக்குறான். அதுல உனக்குப் பெருமை வேற.”

“திட்டணும்னா முழுசா கேக்கணும்ல?”

உண்மையில் அந்தத் திட்டுக்காகத்தான் அவன் வாரம் முழுவதும் தேடினான். ஒருமுறை பெய்ரூத் குழு ஒன்றை வானளாவப் புகழ்ந்தபோது, ‘சட்டை நல்லா இருக்கு, உள்ளே ஆள் இல்லை’ என்று வந்தது. மூன்று நாள் அந்தப் பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்டான். அடுத்த புதன், “நீங்க சொன்னதுதான் சரி” என்று மைக்கிலேயே ஒப்புக்கொண்டான். தான் தோற்றதில் அவ்வளவு சந்தோஷப்பட்டது அவனுக்கே ஆச்சரியம்.

மணி நான்கானது.

“என் ஒரே நேயரே” என்றான் ஷாக்கிர். “இதோட நம்ம புதன்கிழமை முடியுது. உங்களை நெனச்சுத்தான் ஒவ்வொரு பாட்டையும் எடுத்தேன். நல்லா இருங்க.”

மைக்கை அணைத்தான். போன் அதிர்ந்தது.

‘அதெல்லாம் முடியாது. இடம் எங்க? அஞ்சு மணிக்கு வேலை முடியுது. நேரா அங்கதான்.’

ஷாக்கிர் முகவரியை அனுப்பிவிட்டு அறையைக் கூட்டினான், தலையை வாரினான். நீளமுடி வைத்த மேளக்காரராக இருக்கும் என்றான். இசைக் கல்லூரி ஆசிரியராகவும் இருக்கலாம் என்றான். “கடன்காரனா இல்லாம இருந்தா சரி” என்றான் லஸ்ஸாத்.

ஐந்தேகாலுக்கு மூச்சு வாங்கிக்கொண்டு மாடியேறி வந்தவள் ஐம்பது வயதுப் பெண். நீல நிறக் கோட்டு, தலையில் துணி.

“காப்பிக் கடை கீழேம்மா” என்றான் லஸ்ஸாத்.

“காப்பிக்கு வரலை. இதுல ஷாக்கிர் யாரு?”

“நான்தான்... நீங்களா அது?” ஷாக்கிர் எழுந்து நாற்காலியை நகர்த்தினான். “என்ன வாத்தியம்க்கா வாசிப்பீங்க?”

“வாத்தியமா? தையல் மெஷின்தான் தம்பி. ஏற்றுமதி கம்பெனியில மேஸ்திரி. பேரு மப்ரூக்கா.” அவள் உட்காரவில்லை. “ஏன் நிறுத்துறீங்க? யாரு நிறுத்தச் சொன்னது?”

லஸ்ஸாத் தொண்டையைச் செருமினான். “நான்தாம்மா. நல்ல நிகழ்ச்சிதான், இல்லேங்கலை. ஆனா ஒரே ஒருத்தருக்காக ரெண்டு மணி நேரம்னா...”

“ஒருத்தரா?”

மப்ரூக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஜன்னலைத் திறந்து தலையை நீட்டி, “ஏ பொண்ணுங்களா, எறங்கி வாங்க! ஆளு இங்கதான் இருக்காரு!” என்று குரல் கொடுத்தாள்.

தெருவையே அடைத்து நின்ற ஐந்து கம்பெனிப் பேருந்துகளிலிருந்து, அவள் கம்பெனியில் தன் போனைப் பெரிய ஒலிபெருக்கியில் மாட்டி ஒலிக்கவிட, புதன்தோறும் அவன் போட்ட பாட்டுகளின் தாளத்துக்குச் சட்டை தைத்த முந்நூறு பெண்கள் இறங்கத் தொடங்கினார்கள்.