கிளம்புமுன் உட்காரும் நிமிடம்

பனி அப்பிய ஜன்னல் வழியே வரும் காலை வெளிச்சத்தில், ஃபைனா கணவன் யெகோரின் சட்டைக் காலருக்குள் சிவப்பு நூலால் அவன் பெயரைத் தைக்கிறாள். தாய்நாட்டின் பெயரைச் சொல்லி ஆள் சேர்க்கும் ஒரு தனியார் படைக் கம்பெனியில் அவன் சேர்ந்துவிட்டான். அவர்கள் கொடுத்த கழுத்துத் தகட்டில் பெயர் இல்லை, எண் மட்டும்தான். "கம்பெனிக்காரன் பாத்தா பிச்செறிஞ்சிருவான்டி." "நம்பரை வச்சு நான் யாரைத் தேடுறது?" நூலைப் பல்லால் கடிக்கிறாள். வாசலில் வேன் ஹாரன் அடிக்கிறது. போகிறவனும் அனுப்புகிறவளும் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்து எழுந்தால்தான் போனவன் திரும்புவான் என்பது அவர்கள் ஊர் நம்பிக்கை. இருவரும் அவன் மூட்டைமேல் நெருங்கி உட்கார்கிறார்கள். கெட்டிலின் முனகல் அடங்குகிறது. மறுபடி ஹாரன். அவன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு மூட்டைக்குக் கை நீட்டுகிறான். அவள் அதன்மேலேயே இருக்கிறாள். "எந்திரிம்மா." "நான் இன்னும் உக்காந்து முடிக்கல," என்கிறாள்.